பாலாய் கடைத்தெருவிலேயே இருக்கும்போது போலீஸ் ஏன் போனில் வருகிறது?

போன், இணைய மோசடிகள் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தவை. ஊர் சின்னது, பாலாய் (போலீஸ் நிலையம்), வங்கி, தபால் நிலையம் எல்லாம் மோட்டாரில் போய் வந்துவிடும் தூரம். கீழே உள்ள பதில்கள் பலவற்றுக்கும் இந்த வசதிதான் அடிப்படை.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, பால்வெட்டி ஓய்வு பெற்றவர். போன வாரம் போஸ் லாஜூ (கூரியர் நிறுவனம்) என்று சொல்லி ஒரு போன் வந்தது. அவர் பெயரில் அனுப்பிய பார்சலில் பிறருடைய ஐசிகளும் (அடையாள அட்டைகளும்) ஏடிஎம் கார்டுகளும் இருந்ததாம். 'கூச்சிங் போலீசுக்கு லைன் கொடுக்கிறோம்' என்று மாற்றிவிட்டார்கள். சீருடை போட்டவன் வீடியோ காலில் வந்தான். மூன்று மணி நேரம் போனை வைக்க விடவில்லை. ஊழியர் சேமநிதியில் எடுத்த 38,000 வெள்ளியை (ரிங்கிட்டை) 'பாதுகாப்புக் கணக்குக்கு' மாற்றச் சொன்ன நேரத்தில் தம்பி வேலை முடிந்து வந்ததால் பணம் தப்பியது. ஐசி எண்ணைச் சரியாகச் சொன்னார்களே, நிஜமாகவே கேஸ் இருக்குமோ என்று அம்மா இன்னும் தூங்காமல் இருக்கிறார்.

பதில்: கேஸ் ஒன்றும் இல்லை, அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள். இதற்குப் பெயர் 'மக்காவ் ஸ்கேம்'. பார்சல், வரி பாக்கி, நீதிமன்ற சம்மன், கட்டாத கிரெடிட் கார்டு என்று தொடக்கம் மாறும். அடுத்த கட்டம் மாறாது: போனை 'போலீசுக்கு' மாற்றிக் கொடுப்பார்கள். நிஜ பாலாய்க்கு அப்படி லைன் மாற்றித் தரும் வழக்கமே கிடையாது.

கூச்சிங், கோத்தா கினபாலு என்று கடல் தாண்டிய ஊரைச் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. ஈப்போ என்றால் நீங்கள் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிடுவீர்கள். 'நேரில் வர முடியாதா? சரி, போனிலேயே வாக்குமூலம் எடுக்கிறோம்' என்று சலுகை செய்வதுபோலப் பேசுவதற்குத்தான் அந்தத் தூரம். 'இது ரகசிய விசாரணை, பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களையும் பிடிப்போம்' என்பதும் போனை வைக்க விடாததும் இதே நோக்கத்தில்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நாடகம் கலைந்துவிடும்.

ஐசி எண் எப்படிக் கிடைத்தது? பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக்கில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. பேஸ்புக்கில் பிறந்தநாள் கேக் படம் போட்டாலே எட்டு இலக்கம் வெளியே போய்விட்டது. மீதி, கசிந்த பட்டியல்களிலிருந்தும் எங்கெங்கோ கொடுத்த ஐசி நகல்களிலிருந்தும் கிடைக்கிறது. ஐசி எண் தெரிந்திருப்பதால் ஒருவர் அரசாங்க ஆள் ஆகிவிட மாட்டார். திரையில் தெரியும் அழைப்பு எண்ணையும் நம்ப வேண்டாம். அதைப் போலியாகக் காட்டும் தொழில்நுட்பம் மலிவானது.

நிஜத்தில் போலீஸ் ஒருவரைச் சாட்சியாக அழைக்க வேண்டுமானால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 111ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் அழைக்கும். கைது வாரண்டு நீதிமன்றம் பிறப்பிப்பது. அது வாட்ஸ்அப்பில் படமாக வராது. 'பேங்க் நெகாராவின் பாதுகாப்புக் கணக்கு' என்று ஒன்று கிடையாது, மத்திய வங்கியான பேங்க் நெகாரா பொதுமக்களுக்குக் கணக்கு திறப்பதே இல்லை. டியூட்நவ் என்ற உடனடிப் பணமாற்றுச் சேவையில் பணம் அனுப்பும்போது உறுதி செய்வதற்கு முன் பெறுபவர் பெயர் திரையில் வரும். அரசாங்கத்துக்குப் போகிற பணம் என்று சொல்லிவிட்டு, அங்கே யாரோ ஒரு தனி ஆளின் பெயரோ ஏதோ 'என்டர்பிரைஸ்' பெயரோ வந்தால் மேலே விசாரிக்க ஒன்றுமில்லை. நிறுத்திவிடுங்கள்.

அந்த மூன்று மணி நேரத்தில் அம்மா வேறு என்னவெல்லாம் செய்தார் என்று பொறுமையாகக் கேளுங்கள். திட்டினால் பாதியை மறைத்துவிடுவார். புதிதாக ஒரு வங்கிக் கணக்கு திறக்கச் சொன்னார்களா, அந்தக் கணக்கில் பதிவு செய்த கைப்பேசி எண் யாருடையது? (வங்கிக் கவுண்டரில் காரணம் கேட்டால் 'வீடு ரிப்பேர், கல்யாணச் செலவு' என்று சொல்லவும் பழக்கியிருப்பார்கள்.) ஏதாவது ஆப் பதிவிறக்கினாரா? டிஏசி எண்ணை (பணமாற்றத்தை உறுதி செய்ய வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் எண்) படித்துக் காட்டினாரா? நட்சத்திரக் குறி போட்டு ஏதாவது எண்ணை அழுத்தினாரா? கடைசியாகச் சொன்னது, அழைப்புகளை அவன் எண்ணுக்குத் திருப்பிவிடும் தந்திரம். அம்மாவின் போனில் *#21# அழுத்தினால் அழைப்பு எங்காவது திரும்புகிறதா என்று தெரியும். ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பமும் ரத்தாகும். டிஏசி எண்ணோ வங்கி விவரமோ சொல்லியிருந்தால் இன்றே வங்கிக்குப் போன் செய்து இணைய வங்கிச் சேவையை முடக்கச் சொல்லுங்கள். அவன் கொடுத்த கணக்கு எண்ணும் அழைத்த தொலைபேசி எண்ணும் கையில் இருப்பதால் ஒரு போலீஸ் புகாரும் எழுதிவிடுங்கள். பணம் போகாவிட்டாலும் அந்தப் புகார் அடுத்தவருக்கு உதவும்.

ஒரு யோசனை. உடனே தேவைப்படாத பணத்தைச் சேமநிதியிலிருந்து மொத்தமாக எடுத்து சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்க வேண்டியதில்லை. 55 வயதுக்குப் பிறகும் வேண்டும்போது வேண்டிய அளவு எடுக்கலாம், அதுவரை லாப ஈவும் கிடைக்கும். எடுத்தால் அவர் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் வரும், அதற்கும் கொஞ்சம் நேரம் ஆகும். அந்தத் தாமதம்தான் மோசடிக்காரனுக்குப் பிடிக்காதது. கூடவே வங்கி ஆப்பில் அவருடைய தினசரி மாற்று வரம்பை 300, 500 ரிங்கிட் அளவுக்குக் குறைத்து வையுங்கள்.

கேள்வி: பணம் போயே போய்விட்டது என்றால் முதலில் பாலாய்க்கா, வங்கிக்கா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் போன். 997 என்பது தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் எல்லாம் சேர்ந்து 2022 அக்டோபரில் தொடங்கியது. லைன் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம், ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் உள்ள வங்கி எண்ணை அழையுங்கள். வங்கிகள் மோசடிப் புகாருக்கென்று 24 மணி நேர லைன் வைத்திருக்கின்றன. வங்கி எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். போலி வாடிக்கையாளர் சேவை எண்களும் அங்கே விளம்பரமாக நிற்கின்றன.

இவ்வளவு அவசரம் ஏன்? நீங்கள் அனுப்பிய கணக்கில் அந்தப் பணம் தங்காது. முதல் கணக்கிலிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று பிரித்து அனுப்பி, ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்துவிடுவார்கள். எங்காவது இடையில் நிற்கும்போது பிடித்தால்தான் முடக்க முடியும். காலையில் போன பணத்துக்கு மாலையில் மகன் வந்த பிறகு போன் செய்தால் பெரும்பாலும் வெறும் கணக்கைத்தான் முடக்குவார்கள்.

போன் எடுக்கும்போது பெறுபவரின் கணக்கு எண், வங்கி, பெயர், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். பணம் போடும் இயந்திரத்தில் ரொக்கமாகப் போட்டிருந்தால் அந்த ரசீதை உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள், சட்டைப் பையில் வைத்தால் எழுத்து மங்கிவிடும் தாள் அது. வாட்ஸ்அப் உரையாடலை வெட்கப்பட்டு அழித்துவிடுகிறார்கள் பலர். அழிக்கக் கூடாது, அதுதான் சாட்சி.

பிறகு அன்றே போலீஸ் புகார். எந்த பாலாயிலும் கொடுக்கலாம், சம்பவம் நடந்த இடத்து பாலாய்தான் வேண்டும் என்றில்லை. நகல் ஒன்று வாங்கி வங்கிக்கும் எழுத்து மூலம் முறையிடுங்கள். வங்கியின் முடிவில் திருப்தி இல்லையென்றால், அந்த முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்புக்குக் கொண்டுபோகலாம்; எப்எம்ஓஎஸ் என்ற பெயரில் 2025 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. நீங்களே டிஏசி எண்ணைக் கொடுத்திருந்தால் வங்கி பொறுப்பேற்க மறுக்கக்கூடும். அதனால் முறையீட்டில் நடந்ததை நடந்தபடி, நேரம் குறித்து எழுதுங்கள். பிறகு, 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் முன்பணம்' என்று ஒருவர் வருவார். அவர் அதே கூட்டத்தின் அடுத்த ஆள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு பைல் வந்தது. திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அதிலிருந்து போன் சூடாகிறது, எஸ்எம்எஸ் வருவதில்லை.

பதில்: பத்திரிகை படமாகவோ பிடிஎப் ஆகவோதான் வரும். பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருந்தால் அது ஆண்ட்ராய்டு ஆப். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு, வங்கியின் டிஏசி எண்ணை உங்களிடமிருந்து மறைத்து அவனுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. எஸ்எம்எஸ் வரவில்லை என்கிறீர்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஏர்பிளேன் மோடைப் போடுங்கள், வைபையும் அணைந்திருக்கட்டும். இன்னொருவர் போனிலிருந்து வங்கியை அழைத்து கணக்கை முடக்கச் சொல்லுங்கள். சிம் கார்டைக் கழற்றி வேறு போனில் போடுங்கள், இனி வரும் டிஏசி அங்கே வரட்டும். மின்னஞ்சல், வங்கி, வாட்ஸ்அப் கடவுச்சொற்களை அந்த வேறு போனிலிருந்துதான் மாற்ற வேண்டும். சந்தேகப் போனில் மாற்றினால் புதியதையும் அவன் படித்துக்கொள்வான்.

ஆப்பை நீக்கப் பார்த்தால் 'அன்இன்ஸ்டால்' பொத்தான் மங்கலாக இருக்கலாம். அது அக்சஸிபிலிட்டி அனுமதியையோ டிவைஸ் அட்மின் அனுமதியையோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். செட்டிங்ஸில் அந்த இரண்டையும் அணைத்துவிட்டு நீக்குங்கள். நீக்கியது போதும் என்று விடாதீர்கள். படங்களை எடுத்து வைத்துக்கொண்டு பேக்டரி ரீசெட் செய்துவிடுவது நல்லது. பழைய பேக்கப்பிலிருந்து ஆப்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம், ஒவ்வொன்றாகப் பிளே ஸ்டோரிலிருந்து எடுங்கள்.

லிங்க்கை அழுத்தியது மட்டும் என்றால் இவ்வளவு பதற வேண்டியதில்லை. ஆப் பதித்தாலோ கடவுச்சொல்லை எழுதினாலோதான் மேலே சொன்னதெல்லாம்.

கேள்வி: அரசாங்கத்தின் சாரா உதவித்தொகைக்குப் பதிவு செய்ய எஸ்எம்எஸ்ஸில் லிங்க் வந்தது. இன்னொரு நாள் வருமான வரித் திருப்பித்தொகை என்று மின்னஞ்சல். நம்பலாமா?

பதில்: இரண்டையும் அழித்துவிடுங்கள். 2025 ஆகஸ்ட் 31இலிருந்து 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு வந்த 100 ரிங்கிட் சாரா தானாகவே மைகார்டில் (ஐசியில்) சேர்ந்தது. அதற்குப் பதிவும் இல்லை, லிங்க்கும் இல்லை. வங்கிகளும் எஸ்எம்எஸ்ஸில் லிங்க் அனுப்புவதை நிறுத்திவிட்டன. காரில் போலிக் கைப்பேசிக் கோபுரக் கருவி வைத்துக்கொண்டு சுற்றி எஸ்எம்எஸ் அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். அந்தச் செய்தி வங்கியின் பழைய நிஜச் செய்திகளுக்குக் கீழேயே வந்து உட்காரும், ஆகவே 'அதே இடத்தில்தான் வந்தது' என்பது சான்றாகாது.

மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரைப் பார்க்காமல் முகவரியைப் பாருங்கள், அதுவும் பின்னாலிருந்து. அரசாங்க முகவரி 'டாட் ஜிஓவி டாட் எம்ஒய்' என்றுதான் முடியும். வருமான வரி வாரியத்தைக் குறிக்கும் 'ஹாசில்' என்ற சொல் நடுவில் எங்கோ இருந்து முடிவு 'டாட் காம்', 'டாட் டாப்' என்று இருந்தால் போலி. வரி விஷயம் பார்க்க வேண்டுமென்றால் வரி வாரியத்தின் மைடேக்ஸ் தளத்துக்கு நீங்களாகவே முகவரி தட்டிப் போங்கள்.

கேள்வி: என் ஏடிஎம் கார்டை மாதம் 800 வெள்ளிக்கு வாடகைக்குக் கேட்கிறான் ஒரு நண்பன். ஆன்லைன் வியாபாரத்துக்காம்.

பதில்: கொடுக்காதீர்கள். அந்தக் கணக்குக்குப் பெயர் கழுதைக் கணக்கு. மேலே சொன்ன அம்மாவின் பணம் போயிருந்தால் உங்களுடையதைப் போன்ற கணக்குக்குத்தான் போயிருக்கும். கார்டையும் பின் எண்ணையும் சட்டபூர்வக் காரணமின்றி இன்னொருவரிடம் ஒப்படைப்பதற்கென்றே 2024இல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதல் புதிய பிரிவுகள் சேர்ந்தன, சிறைத் தண்டனை உண்டு. உங்கள் தோட்டச் சம்பளமும் அதே கணக்குக்கு வருகிறது என்றால் முடக்கும் நாளில் அதுவும் மாட்டிக்கொள்ளும். ஏற்கெனவே கொடுத்துவிட்டால் வங்கியில் கார்டை ரத்து செய்து, அவர்கள் வந்து கேட்பதற்கு முன் நீங்களே பாலாய்க்குப் போங்கள்.

கேள்வி: பேஸ்புக்கில் பழைய மோட்டாருக்கு 400 வெள்ளி முன்பணம் கட்டினேன், ஆள் காணாமல் போய்விட்டான். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

பதில்: தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரை பார்க்கும், மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். ஆனால் எதிராளி வியாபாரியாக இருக்க வேண்டும், அவருடைய பெயரும் முகவரியும் வேண்டும். பெயர் தெரியாத ஆளுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது, உங்களுடையது போலீஸ் புகாருக்குரியது. அடுத்த முறை பணம் அனுப்புவதற்கு முன் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அவன் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் தட்டிப் பாருங்கள். புகார் பதிவானது மட்டும்தான் அதில் தெரியும். நேற்று திறந்த கணக்கு சுத்தமாகத்தான் காட்டும். ஆகவே மோட்டாரையும் கிராண்டையும் (வாகன உரிமைப் பத்திரத்தையும்) கண்ணால் பார்க்கும் வரை முன்பணம் வேண்டாம்.