மங்கிய மீன்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த பீகாக் சிக்லிட் மீன்கள் ஆறு தொட்டியில் வளர்க்கிறேன். இரண்டு ஆண்கள், நான்கு பெண்கள். கடையில் மின்னிய நீலம் என் படங்களில் வரவே இல்லை. கண்ணாடியில் பிளாஷ் வெளிச்சம்தான் தெரிகிறது. ஆண்களில் ஒன்று மங்கியும் விட்டது. நிறமே இல்லாத பெண்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுக்க ஆண்களாக வாங்கலாமா? எந்த லென்ஸ் நல்லது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸ் கையில் இருப்பதே போதும். அறை விளக்குகளை அணைத்து, கண்ணாடியைத் துடைத்து, லென்ஸை அதற்கு நேராக நெருக்கிப் பிடித்து, பிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தொட்டிக்கு மேலிருந்து அடியுங்கள்.

ஆனால் ‘மங்கிவிட்டது’ என்று, சாயம் போன சட்டையைச் சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. அந்த நீலம் சாயமே அல்ல. தோலின் செல்களுக்குள் அடுக்கடுக்காக அமைந்த, குவானின் என்ற பொருளின் நிறமற்ற படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் எழுவது அது. கோணம் மாறினால் நீலமும் மாறும். அதைவிட முக்கியம், அது யாரை நோக்கிக் காட்டப்படுகிறது என்பது. அதே ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரிப் பகுதியில் வாழும் பர்ட்டன் சிக்லிட் என்ற உறவு மீனில், தனக்கென்று இடம் பிடித்த ஆண் பளிச்சென்றிருக்கும். அடங்கிப்போன ஆண் பெண்ணைப் போல மங்கிக் கிடக்கும். மேலே இருப்பவனை அகற்றினால் சில நிமிடங்களில் மற்றவனுக்கு நிறம் ஏறிவிடும். உங்கள் இரண்டாவது ஆணும் பெரும்பாலும் முதலாமவனுக்கு அஞ்சியே மங்கியிருக்கும். ஒளிந்துகொள்ள அதற்கு ஒரு கல்லாவது வைத்தீர்களா?

‘நிறமே இல்லாத பெண்கள்’ என்கிறீர்கள். ஆப்பிரிக்காவின் இன்னொரு ஏரியான விக்டோரியாவில் ஆண் நீலமாக உள்ள ஒரு சிக்லிட் இனமும் ஆண் சிவப்பாக உள்ள ஓர் இனமும் அருகருகே வாழ்கின்றன. பெண்கள் நிறம் பார்த்தே துணையைத் தேர்கின்றன. நிற வேறுபாடு தெரியாத ஆரஞ்சு ஒளியில் வைத்துப் பார்த்தபோது, அவை இரு வகை ஆண்களையும் ஏற்றுக்கொண்டன. ஏரி நீர் கலங்கிய இடங்களில் இனங்கள் ஒன்றோடொன்று கலந்து ஆண்களின் நிறமும் மங்கிப்போவதை உயிரியலாளர் ஓலே சீஹௌசனும் உடன் ஆய்ந்தவர்களும் 1997இல் எழுதினார்கள். பெண்ணின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்த நிறம் நிலைப்பதில்லை. நீங்கள் திருப்பிக் கொடுக்க நினைப்பவை, இத்தனை தலைமுறைகளாக அந்த நீலத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்த கண்கள். கடைக்காரர் வாங்கிக்கொள்வார், நீங்கள் வெட்கப்பட வேண்டும்.

கோபம் உங்கள் மீது மட்டுமல்ல. கொளத்தூரில் நான் முதன்முதலாக வாங்கிய ஜோடியில் ஆணை மாதக்கணக்கில் படமெடுத்தேன். பெண் மீன் இரை எடுக்காமல், தாடை புடைத்து, பில்டருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. நோய் என்று முடிவு செய்து, தனித் தொட்டியில் மருந்து போடுவதற்காக வலையால் பிடித்தேன். அது வலைக்குள்ளேயே மஞ்சள் முட்டைகளைத் துப்பியது. ஏறத்தாழ மூன்று வாரம் பட்டினி கிடந்து வாயிலேயே அடைகாக்கும் மீன் அது என்பதை அன்றிரவுதான் படித்தேன். பிறகு பழைய படங்களைப் புரட்டினால், பலவற்றின் ஓரத்தில் தெளிவில்லாத ஒரு பழுப்பு நிழலாக அது நின்றிருந்தது. நல்ல படங்கள் என்று நான் எடுத்து வைத்தவற்றிலோ அந்த ஓரத்தை வெட்டியிருந்தேன்.

கடைக்குப் போகும் முன் உங்கள் நான்கு பெண்களின் தாடையையும் பாருங்கள். ஏதேனும் ஒன்று புடைத்திருந்தால், பிளாஷை ஒரு மாதம் அலமாரியில் பூட்டி வையுங்கள்.