முகாமில் குழந்தையை அளப்பது: ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு பற்றிய கேள்வி பதில்

போர், வறட்சி, வெள்ளம், இடப்பெயர்வு ஆகியவை நேரும் இடங்களில் குழந்தைகளின் ஊட்டச்சத்து நிலையைக் கணக்கெடுக்கும் குழுக்களுக்குத் தொழில்நுட்ப உதவி செய்வது என் வேலை. வருடத்தில் சில மாதங்கள் வெளிநாட்டிலும், மற்ற மாதங்கள் சென்னை அடையாற்றில் உள்ள என் வீட்டு மேசையிலும் இந்த வேலை நடக்கிறது. நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

குழந்தைகள் பட்டினியில் இருப்பது கண்ணுக்குத் தெரியும்போது அவர்களை எண்ணிக்கொண்டிருப்பது எதற்கு? அந்தப் பணத்தில் உணவு வாங்கிக் கொடுக்கலாமே? (பெரம்பூர், செவிலியர்)

சகோதரி, என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. உணவை நிறுத்திவிட்டு யாரும் எண்ணுவதில்லை, இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடக்கின்றன. ஆனால் எந்த மாவட்டத்துக்கு முதலில் லாரி போக வேண்டும், எத்தனை குழந்தைகளுக்குச் சிகிச்சை உணவு தேவைப்படும் என்பதைக் கண்பார்வையால் முடிவு செய்தால், சாலையோரத்தில் இருக்கும் முகாமுக்கே எல்லாம் போய்ச் சேரும். கடும் மெலிவு உள்ள குழந்தைக்குக் கொடுக்கும் நிலக்கடலைப் பசை 92 கிராம் பொட்டலமாக வருகிறது. ஒரு பொட்டலத்தில் 500 கிலோ கலோரி இருக்கிறது. ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பொட்டலம் வீதம் பல வாரங்களுக்குத் தேவைப்படும் இந்த உணவை எத்தனை பெட்டி வரவழைப்பது என்ற கணக்கு, மெலிந்த குழந்தைகள் இத்தனை பேர் என்று நாங்கள் கொடுக்கும் சதவீதத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்தில், நிவாரண வேலை செய்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று, பஞ்சத்தைப் பார்வையிட ஆங்கிலேய இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அது ஏறக்குறைய 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், அந்த அளவு உணவில் மண் வெட்டும் உடல் தேய்ந்துபோகும் என்று எதிர்த்து எழுதினார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அதன் கரையில் நடக்கும்போதெல்லாம், அந்த வாதத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஓர் அளவீட்டு முறை அன்று இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

என்னென்ன அளக்கிறீர்கள்? (தாம்பரம், பொதுச் சுகாதார மாணவி)

6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளின் எடை, உயரம், இடது மேல்கைச் சுற்றளவு ஆகியவற்றை அளந்து, இரு பாதங்களிலும் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். எடையை 100 கிராம் வரையிலும், உயரத்தை ஒரு மில்லிமீட்டர் வரையிலும் குறிக்க வேண்டும். 87 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தையைப் பலகையில் படுக்க வைத்தும், அதற்கு மேலுள்ள குழந்தையை நிற்க வைத்தும் அளப்போம். மேல்கைச் சுற்றளவை அளக்கும் கைநாடா 115 மில்லிமீட்டருக்குக் கீழே காட்டினால் கடும் மெலிவு. 115 முதல் 125-க்குள் இருந்தால் மிதமான மெலிவு. உயரத்துக்கேற்ற எடையை உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வளர்ச்சி அளவுகோலோடு ஒப்பிட்டு, அதன் நடு மதிப்பிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கு (மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) கீழே போனால் மெலிவு என்றும், மூன்றுக்குக் கீழே போனால் கடும் மெலிவு என்றும் கொள்கிறோம்.

வீக்கம் பார்ப்பதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம், கட்டைவிரல் போதும். இரு பாதங்களின் மேற்புறத்திலும் அழுத்தி, நூற்றியொன்று, நூற்றியிரண்டு, நூற்றிமூன்று என்று நிதானமாக எண்ணி எடுத்தால் மூன்று நொடி ஆகியிருக்கும். விரல் பதிந்த குழி அப்படியே நின்றால், எடை எவ்வளவு இருந்தாலும் அந்தக் குழந்தை கடும் நிலையில் உள்ளது. கொழுகொழுவென்ற பாதத்தைப் பார்த்து வீக்கம் என்று எழுதிவிடும் புதியவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். அதனால், வீக்கம் என்று எழுதப்பட்ட ஒவ்வொரு குழந்தையையும் மேற்பார்வையாளர் நேரில் பார்க்காமல் நான் ஏற்பதில்லை.

மாதிரி அளவை எப்படி முடிவு செய்கிறீர்கள்? முன்பெல்லாம் முப்பது கொத்து (ஓர் ஊர் அல்லது அதன் பகுதி), ஒவ்வொன்றிலும் முப்பது குழந்தை என்பார்களே? (மயிலாப்பூர், ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர்)

ஐயா, அந்த 900 குழந்தைகள் முறை நீண்ட காலம் வழக்கில் இருந்தது. 2002-இல் தொடங்கிய ஸ்மார்ட் என்ற பொதுக் கணக்கெடுப்பு முறை வந்த பிறகு, ஒவ்வொரு இடத்துக்கும் தனியாகக் கணக்கிடுகிறோம். உதாரணமாக, மெலிவு 12 சதவீதம் இருக்கும் என்று எதிர்பார்த்து, 3.5 சதவீதப் புள்ளித் துல்லியமும் 1.5 கொத்து விளைவும் (ஒரே கொத்தில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் மாதிரியைப் பெருக்க வேண்டிய மடங்கு) வைத்துக்கொள்வோம். கொத்து முறைக்கு 1.96-க்குப் பதிலாக 2.045 என்ற மதிப்பை எடுத்தால் 541 குழந்தைகள் வருகிறார்கள். சராசரிக் குடும்பம் ஐந்தரைப் பேர், அதில் ஐந்து வயதுக்குட்பட்டோர் 15 சதவீதம் என்றால், ஆறு மாதம் நிறையாதவர்களைக் கழித்து, வீடு பூட்டியிருப்பதற்கு 3 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 752 வீடுகள். ஒரு குழு ஒரு நாளில் இருபது வீடு முடிக்கும் என்றால் 38 கொத்துகள்.

சூத்திரத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதில் பலவீனமான இடம் மக்கள்தொகைப் பட்டியல்தான். பெரிய ஊருக்கு அதிக வாய்ப்பு என்ற விகிதத்தில் கொத்துகளைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் பட்டியலில் நாலாயிரம் பேர் என்று இருக்கும் ஊரில் போய்ப் பார்த்தால் நாற்பது குடும்பம்தான் மிஞ்சியிருக்கும், பக்கத்து ஆற்றங்கரையில் பட்டியலிலேயே இல்லாத புதுக் குடிசைகள் நிற்கும். ஊர்ப் பெரியவர்களையும் தடுப்பூசிப் பணியாளர்களையும் உட்கார வைத்துப் பட்டியலைத் திருத்த இரண்டு நாள் செலவழிப்பதை நான் வீண் என்று எண்ணியதே இல்லை.

சிறுசிறு அளவைப் பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடாதா? (பெருங்குடி, மென்பொருள் பொறியாளர்)

சராசரியைப் பொறுத்தவரை ஓரளவு சரிக்கட்டிவிடும். சதவீதத்தைப் பொறுத்தவரை சரிக்கட்டாது. இந்தத் தொழிலின் முழு நுணுக்கமும் இங்கேதான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு குழந்தை அளவுகோலின் நடு மதிப்பிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்பதை இசட் மதிப்பு என்போம். ஓர் இடத்துக் குழந்தைகளின் சராசரி இசட் மதிப்பு கழித்தல் 0.8, திட்ட விலக்கம் 1.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். இயல்நிலைப் பரவலின்படி கழித்தல் இரண்டுக்குக் கீழே 11.5 சதவீதம் பேர் வருவார்கள். இப்போது குழுவினர் கவனமில்லாமல் அளக்கிறார்கள். ஒருவர் கூட்டியும் ஒருவர் குறைத்தும் எழுதுவதால் சராசரி மாறவில்லை, விலக்கம் மட்டும் 1.2 ஆக விரிகிறது. அதே குழந்தைகள், அதே ஊர். ஆனால் மெலிவு 15.9 சதவீதம் ஆகிவிடுகிறது. கடும் மெலிவோ 1.4-லிருந்து 3.3-க்குப் போய் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. 15 சதவீதம் என்பது மிக உயர்ந்த நிலை என்று வகைப்படுத்தப்படும் எல்லைக்கோடு. அதாவது கைநடுக்கம் மட்டுமே ஒரு மாவட்டத்தை அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடும். முக்கால் மீட்டர் நீளமுள்ள குழந்தையின் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால், ஏறக்குறைய கால் இசட் நகர்ந்துவிடும். திட்ட விலக்கம் 0.8-க்கும் 1.2-க்கும் இடையே இருக்கிறதா என்று நாங்கள் தினமும் மாலையில் பார்ப்பது இதனால்தான்.

இன்னொன்று, கடைசி இலக்கம். உண்மையாக அளந்தால் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஒருமுறை ஒரு குழுவின் உயரங்கள் எல்லாம் .0 அல்லது .5 என்றே முடிந்திருந்தன. மறுநாள் காலையில் அவர்களோடு போனேன். அவர்கள் பொய் எழுதவில்லை. பலகையை மணல்மேட்டில் சாய்வாக வைத்து, அழுகிற குழந்தை துள்ளுவதற்குள் கண்ணில் பட்ட பெரிய கோட்டைப் படித்திருக்கிறார்கள். பலகைக்குக் கீழே ஒரு தட்டையான மரத்துண்டு போட்டு, தலையைப் பிடிப்பவர் ஒருவர், முழங்காலை அழுத்திப் பாதத்தைச் சேர்ப்பவர் ஒருவர் என்று வேலையைப் பிரித்த பிறகு நிலைமை சீரானது. ஆனால் முதல் இரண்டு நாள் கொத்துகளை மறுபடி அளக்க வேண்டியிருந்தது, எரிபொருள் செலவுக்காக என்னிடம் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. அந்தக் குழுவை முந்தைய நாளே போய்ப் பார்க்காமல் விட்டது என் தவறு.

பயிற்சி எத்தனை நாள்? தேர்வு ஏதாவது உண்டா? (அதே மாணவி)

பொதுவாக ஒரு வாரம் ஒதுக்குவோம். தேர்வு என்பது பத்துக் குழந்தைகள்தான். பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் பத்துக் குழந்தைகளையும் இரண்டு முறை, முதல் தடவை எழுதியதைப் பார்க்காமல் அளக்க வேண்டும். தனக்குத் தானே ஒத்துப்போகிறாரா, தேர்ந்தவரோடு ஒத்துப்போகிறாரா என்று இரண்டையும் பார்ப்போம். மதியத்துக்கு மேல் நான்காவது குழந்தை தூங்கிவிடும், ஏழாவது குழந்தை பலகையைக் கண்டாலே அலறும். பிஸ்கட்டும் தாய்மாரின் பொறுமையும் இல்லாமல் அந்த நாள் ஓடாது. தேறாதவருக்கு வயது கேட்கும் வேலை கொடுப்போம், அதுவும் லேசானதல்ல.

பிறந்த சான்றிதழ் இல்லாத குழந்தையின் வயது? (அம்பத்தூர்)

நம் பாட்டிமார் செய்வதுதான். "மிக்ஜாம் புயலுக்கு முன்னால் பிறந்தானா, அப்புறமா? அதற்கடுத்த பொங்கலுக்கு முன்பா?" என்று சுருக்கிக்கொண்டே வந்து மாதத்தைப் பிடிப்பது. ஒவ்வோர் இடத்துக்கும் மழை, அறுவடை, நோன்பு, சண்டை நடந்த மாதம் ஆகியவற்றை வைத்து அப்படியொரு உள்ளூர் நாட்காட்டி தயாரிக்கிறோம்.

தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் மெலிவு 14.6 சதவீதம் என்று படித்தேன். அப்படியானால் இங்கேயும் நெருக்கடியா? (வேளச்சேரி)

2019–21 ஆய்வின் எண் அது. அகில இந்திய அளவு 19.3. மெலிவு சதவீதத்தை வகைப்படுத்தும் அட்டவணையை மட்டும் பார்த்தால் 10 முதல் 15 வரை உயர்ந்த நிலைதான், அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நெருக்கடி என்று முடிவு செய்ய எண்ணின் போக்கு, இறப்பு விகிதம், நோய், உணவு கிடைக்கும் நிலை எல்லாம் வேண்டும். பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு ஓர் இறப்பு என்பது அவசரநிலையின் பழைய அளவுகோல். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு இரண்டு. பஞ்சம் என்று வகைப்படுத்த இன்னும் கடுமையான மூன்று நிபந்தனைகள் உண்டு: ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவே இல்லாத நிலை, 30 சதவீத மெலிவு, பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு இறப்பு. சோமாலியாவில் 2011, தென் சூடானில் 2017, சூடானின் ஜம்ஜம் முகாமில் 2024, காஸாவில் 2025 என்று அந்தச் சொல் அரிதாகவே பயன்பட்டிருக்கிறது.

ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு உடல்வாகும் ஒரு காரணம். நீண்ட கால்களுள்ள சோமாலிய மேய்ச்சல் சமூகக் குழந்தைகளில் உயரத்துக்கேற்ற எடை காட்டும் மெலிவு, கைநாடா காட்டுவதைவிட அதிகமாக இருக்கும். இரண்டு அளவைகளும் ஒரே குழந்தைகளைப் பிடிப்பதில்லை, ஆகவே ஒன்றை வைத்து மற்றொன்றைப் பொய் என்று சொல்லக் கூடாது.

சென்னையிலிருந்து கொண்டு எப்படி உதவ முடிகிறது? (கொளத்தூர்)

திட்ட அறிக்கையைத் திருத்துவது, மாதிரிக் கணக்கைச் சரிபார்ப்பது, மாலையில் வரும் தரவை மென்பொருளில் போட்டு எந்தக் குழு தடுமாறுகிறது என்று இரவே சொல்வது, இவை தொலைவிலிருந்து நடக்கும். யுனிசெஃப் தலைமையிலான உலக ஊட்டச்சத்துக் கூட்டமைப்பின் வழியாக இத்தகைய உதவியை நாடுகள் கேட்டுப் பெறலாம். ஆனால் சாய்ந்த பலகை திரையில் தெரியாது.

நான் அங்கன்வாடிப் பணியாளர். கொலுசு, அரைஞாண், தாயத்தைக் கழற்றத் தாய்மார் சம்மதிப்பதில்லை. என்ன செய்வது? (வியாசர்பாடி)

அம்மா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. நான் போன இடங்களிலெல்லாம் தோல் தாயத்தும் மணிமாலையும் இதே தொல்லை கொடுத்திருக்கின்றன. வற்புறுத்தாதீர்கள், அடுத்த மாதம் அந்தத் தாய் வரமாட்டார். வெள்ளிக் கொலுசாக இருந்தால் தாயின் கையாலேயே கழற்றி அவர் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். அரைஞாண் கயிற்றின் எடை நூறு கிராம் அளவீட்டில் தெரியாது, விட்டுவிடலாம். கனமான தாயத்து என்றால் பதிவேட்டில் "தாயத்துடன்" என்று எழுதிவிட்டு, அடுத்த மாதமும் அதோடேயே எடை போடுங்கள். ஒப்பீடாவது கெடாமல் இருக்கும். உயரம் அளக்கும்போது மட்டும் உச்சிக் கொண்டையை அவிழ்க்கச் சொல்லுங்கள், அதை விட்டால் ஒரு சென்டிமீட்டர் போய்விடும். மின்னணு எடைக்கருவி கிடைத்திருந்தால், முதலில் தாயை ஏற்றி, எண்ணைப் பூஜ்யமாக்கி, பிறகு குழந்தையை அவர் கையில் கொடுங்கள். வாசற்படியில் தொங்கும் தராசைப் பார்த்துக் குழந்தை மிரள்வது பாதி குறைந்துவிடும்.