உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்த பிறகு... – சட்டம் கேள்வி பதில்

கேள்வி: பாகப்பிரிவினை வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தோற்றோம். உச்ச நீதிமன்றத்தில் போட்ட சிறப்பு அனுமதி மனுவும் ஒரே வரியில் தள்ளுபடியாகிவிட்டது. ‘உச்ச நீதிமன்றமே எங்கள் பக்கம்’ என்கிறது எதிர்த்தரப்பு. சரியா?
– வாசகர், மேலூர்

பதில்: சரியில்லை. அரசியல் சாசனத்தின் 136-வது பிரிவில் நீங்கள் கேட்டது மேல்முறையீடு செய்வதற்கான அனுமதியை மட்டும்தான். காரணம் சொல்லாமல் அதை மறுத்தால், தலையிட விரும்பவில்லை என்றுதான் அர்த்தம். கீழ் நீதிமன்றத் தீர்ப்பு சரி என்று ஒப்புக்கொண்டதாகாது. 2000-இல் குன்ஹயம்மது வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவுபடுத்தியது. ஆனால் மதுரைத் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தும். அதைச் செயல்படுத்தக் கோரி எதிர்த்தரப்பு நிறைவேற்று மனு போடத் தடையில்லை.

உத்தரவு நகலை எடுத்துப் படியுங்கள். அனுமதி கொடுத்து, மேல்முறையீடாக விசாரித்த பிறகு தள்ளுபடி செய்திருந்தால், உயர் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு இணைந்துவிடும். மதுரைக்குத் திரும்ப வழியில்லை. வெறும் ஒற்றை வரித் தள்ளுபடி என்றால் உயர் நீதிமன்றத்திலேயே மறு ஆய்வு மனு போடலாம். காலவரம்பு 30 நாள். அதுவும் உயர் நீதிமன்றத் தீர்ப்பு நாளிலிருந்து. டெல்லியில் கழிந்த மாதங்களுக்கு விளக்கம் சொல்லி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே கொடுங்கள்.

மறு ஆய்வு மனுக்கள் பெரும்பாலும் கவிழ்வது பழைய வாதத்தையே திரும்ப எழுதுவதால்தான். உதாரணமாக, உயில் எழுதிய ஆண்டையே தீர்ப்பில் மாற்றிப் படித்து, அதை வைத்து முடிவெடுத்திருந்தால் மறு ஆய்வுக்கு இடமுண்டு. ‘அந்தச் சாட்சியை நம்பியது தவறு’ என்பதற்கு இடமே இல்லை.

கேள்வி: உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பையே தவறு என்று சொன்னதுண்டா?
– மாணவி, திருச்சி

பதில்: உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976 ஜபல்பூர் வழக்கில், சட்டவிரோதமாகச் சிறை வைத்தாலும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்றார்கள் நான்கு நீதிபதிகள். எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். 1977-இல் அவருடைய பணிமூப்பைத் தாண்டி எம்.எச்.பெக் தலைமை நீதிபதியாக்கப்பட, கன்னா ராஜினாமா செய்தார். அந்தத் தீர்ப்பை வெளிப்படையாக ரத்து செய்தது 2017-இல், தனியுரிமை தொடர்பான புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு. 41 ஆண்டுகள் என்பது மிகப் பெரிய தாமதம். நாடாளுமன்றம் முந்திக்கொண்டது: 1978-இல் வந்த 44-வது திருத்தத்தின்படி, நெருக்கடி நிலையிலும் உயிர், தனிமனித சுதந்திரம் உள்ளிட்ட 20, 21-வது பிரிவுகளின் உரிமைகளை நிறுத்தி வைக்க முடியாது.