அரிசி மூட்டைக்காக அடகுக்குப் போன காப்பு

கேள்வி: திருகோணமலை, பாலையூற்றில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி என ஐந்து பேர். 2022 இல் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற பயத்தில், அந்தப் புரட்டாதியில் என்னுடைய சங்கிலியையும் இரண்டு காப்பையும், எல்லாமாக மூன்று பவுண், தனியார் கடையொன்றில் 120,000 ரூபாய்க்கு அடகு வைத்து ஒரு அறை நிறையச் சாமான் வாங்கினேன். வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு. அதன்பிறகு ஒவ்வொரு புரட்டாதியிலும் திருப்பி வைக்கிறேன். பவுண் விலை ஏறுவதால் கூடத் தருகிறார்கள். 2023 இல் 180,000, 2024 இல் 260,000, 2025 இல் 400,000. பழைய முதலையும் வட்டியையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் தருவார்கள். அதில்தான் மாரிக்கான சாமான். வெருகலில் வயல் செய்யும் மச்சாள் குடும்பம், ஆறு பேர், டித்வாப் புயல் வெள்ளத்தில் எங்களோடு வந்து தங்கினார்கள். "இனி எங்களுக்கும் சேர்த்து வாங்கி வையுங்கோ" என்கிறா. போன வருடம் 50 கிலோ அரிசி வண்டு பிடித்தது, பால்மா சில பைக்கற் காலாவதியாகிவிட்டது. ஆடியில் எனக்கு 200,000 ரூபாய்ச் சீட்டு விழும். அதில் ஒரு டீப் ஃப்ரீசரும், தவணைக்குப் பெரிய பற்றரி ஒன்றும் எடுக்கலாமா? புரட்டாதியில் நகையை எவ்வளவுக்குத் திருப்பி வைக்கலாம்?

பதில்: சகோதரி, வீட்டில் சாமான் சேர்த்து வைக்க வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. 2004 கடலையும், 2020 டிசம்பரில் நம் கரையிலேயே ஏறிய புரெவிப் புயலையும், 2022 வரிசைகளையும், டித்வாவையும் கண்ட ஊர் இது. உங்கள் பயம் நியாயமானது. நியாயமில்லாதது நீங்கள் அதற்குக் காசு தேடும் வழி.

உங்கள் கணக்கையே எடுப்போம். முதல் வருட வட்டி 28,800. இரண்டாம் வருடம் 43,200. மூன்றாம் வருடம் 62,400. கூட்டினால் 134,400 ரூபாய். இன்று உங்கள் பெயரில் நிற்கும் 400,000 இல் சாமானாக வீட்டுக்கு வந்தது 265,600 மட்டும்தான். போன வருடம் திருப்பி வைத்தபோது கையில் கிடைத்தது 77,600. அந்த 400,000 க்கு இந்த ஒரு வருட வட்டி 96,000. வாங்கிய சாமானைவிட வட்டி பெரிதாகிவிட்டது. விலை ஏறுமுன் வாங்கினால் இலாபம் என்று நினைத்திருப்பீர்கள். 77,600 ரூபாய்ச் சாமான் பத்து வீதம் ஏறினாலும் உங்களுக்கு மிச்சம் 7,760. அது ஒரு மாத வட்டிக்கே காணாது. வண்டு தின்ற அரிசியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"கூடத் தருகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் கவலை வந்தது. பவுண் விலை ஏறியதால் வந்த ஆதாயம் உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் ஒவ்வொரு புரட்டாதியிலும் அதைக் கடனாக மாற்றிச் சாப்பிட்டுவிட்டீர்கள். விலை ஏறிக்கொண்டே போகும்வரை இது தெரியாது. ஒரு வருடம் விலை இறங்கட்டும், கடைக்காரர் கூடத் தரமாட்டார். "வட்டியோடு முதலிலும் கொஞ்சம் கட்டுங்கள்" என்பார். அந்த நேரம் கையில் காசில்லாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

இன்னொன்று. நாளைக்கு மாமியை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது கூரை பறந்துவிட்டது என்று வையுங்கள். அப்போது ஒரு மணித்தியாலத்தில் காசாகக்கூடிய பொருள் உங்களிடம் அந்த மூன்று பவுண்தான். அதுதான் உங்கள் குடும்பத்தின் அவசரச் சேமிப்பு. அரிசியையும் ரின் மீனையும் வாங்க அதை முதலிலேயே கொடுத்துவிட்டீர்கள்.

ஃப்ரீசர் வேண்டாம். புயல் வந்தால் முதலில் போவது கரண்ட். உள்ளே இருக்கும் மீனும் இறைச்சியும் இரண்டு நாளில் நாறும். பெரிய பற்றரியும் வேண்டாம். இப்போது ஃபோனைத் திறந்தாலே அதன் விளம்பரம், "வட்டியில்லாத் தவணை" என்று கொட்டை எழுத்தில். உடன் காசுக்கு என்ன விலை, தவணைக்கு என்ன விலை என்று கடையில் இரண்டையும் கேட்டுப் பாருங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். உங்களுக்குத் தேவை இரண்டு ரோச் லைட்டும், ஃபோன் சார்ஜ் பண்ண ஒரு பவர் பேங்கும்.

உண்மையில் எவ்வளவு சாமான் வேண்டும்? ஐந்து பேருக்கு இரண்டு கிழமை போதும். நாளைக்கு ஆளுக்கு 300 கிராம் அரிசி என்றால் 21 கிலோ. கிலோ 230 என்று போட்டால் ஏறக்குறைய 4,800. பருப்பு மூன்று கிலோ 900. ரின் மீன் எட்டு, 4,000. பால்மா இரண்டு பைக்கற் 2,200. சீனி, தேயிலை, உப்பு, தூள், தேங்காயெண்ணெய்க்கு 4,000. பிஸ்கட், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), மெழுகுதிரி, ரோச் பற்றரிக்கு 3,000. கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் நின்றாலோ, கிணற்றுக்குள் வெள்ளம் இறங்கினாலோ குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாலு லீற்றர், ஐந்து நாளைக்கு 100 லீற்றர். அதற்கு 20 லீற்றர் கேன் ஐந்து, 7,500 வரும், அது ஒருமுறைச் செலவு. விலை கடைக்குக் கடை மாறும், ஆனாலும் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தைத் தாண்டாது. மாதம் 3,000 ரூபாய்க்கு, வழக்கமாக எடுக்கும் சாமானோடு ஒன்றிரண்டு கூட எடுத்தால் பத்து மாதத்தில் அலுமாரி நிறைந்துவிடும். நீங்கள் நாலு மாதத்தில் ஏற்றிக்கொள்ளும் வட்டியே 32,000!

பழையதை முன்னுக்கு வைத்துச் சமையுங்கள், புதியதைப் பின்னுக்கு வையுங்கள். வீட்டில் சாப்பிடாத எதையும் வாங்க வேண்டாம். மாமியின் மருந்து ஒரு மாதத்துக்கு மேலதிகமாக இருக்கட்டும். கரண்ட் இல்லாத நாளில் ஏடிஎம்மும் கார்டும் வேலை செய்யாமல் போகலாம். ஆகவே நூறும் ஐந்நூறுமாக 10,000 ரூபாய் வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் சாமான் அறையில் இல்லாமல் போனது இதுதான்.

மச்சாள் விடயம். மாவிலாற்றுக் கரை உடைந்து வந்த வெள்ளத்துக்குப் பிறகு அவர்களை வரவேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நீங்களும் சொல்லக்கூடாது. ஆனால் வயல் செய்கிற ஆறு பேருக்கு நீங்கள் கடன்பட்டுக் கடையில் அரிசி வாங்கி அடுக்குவது என்ன கணக்கு? சிறுபோகம் வெட்டியதும் ஆவணி புரட்டாதியில் ஒரு மூட்டை நெல்லை உங்கள் வீட்டில் இறக்கச் சொல்லுங்கள். ஐப்பசி வரை நெல்லாகவே இருக்கட்டும், வண்டு குறையும். மழை தொடங்குமுன் மில்லில் குத்தி வைத்தால் நாற்பது கிலோ அரிசி வரும். பதினொரு பேருக்கு அதிலேயே பன்னிரண்டு நாள் ஓடும். வெள்ளம் வராவிட்டால் தை மாதம் அவர்களே எடுத்துப் போகட்டும். இதை நீங்கள் கேட்கத் தயங்கினால் உங்கள் கணவர் தன் அக்காவிடம் கேட்கட்டும். அது அவர் பேச வேண்டிய பேச்சு.

இனிச் சீட்டுக் காசு. ஆடியில் கைக்கு வந்ததும் 200,000 முழுவதையும் அடகுக் கடைக்குக் கொண்டுபோங்கள். புரட்டாதி வரை வைத்திருக்க வேண்டாம், இரண்டு மாத வட்டி வீண். அன்றைக்கு ஏறியிருக்கும் பத்து மாத வட்டி 80,000 போக, முதலில் 120,000 குறையும். மிச்சம் 280,000, மாத வட்டி 5,600. முதல் குறைந்ததால் ஒரு காப்பையாவது விடுவித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். தந்தால் அதை அரச வங்கியில் வையுங்கள், அங்கே வட்டி உங்கள் கடையைவிடக் குறைவு. வரும் காசைத் திரும்பக் கடையில் கட்டி அடுத்ததை மீட்டெடுங்கள். மாதா மாதம் கட்ட முடியாது என்று தெரிந்தால், அந்த ஒரு காப்பை இன்றைய விலைக்கு விற்று மற்ற இரண்டையும் காப்பாற்றுவதுதான் நல்லது. கேட்கக் கசக்கும், தெரியும்.

சீட்டு விழுந்த பிறகும் மாதக் கட்டுக்காசு இருக்கும், அதை ஒதுக்கிவிட்டே மற்றதைத் திட்டமிடுங்கள். இந்தக் கிழமை ஒரு வேலை செய்யுங்கள். அடகுத் துண்டை எடுத்து, மீட்கக் கடைசித் திகதி என்ன, தவணை பிந்தினால் என்ன வட்டி, இடையில் பகுதி பகுதியாக முதல் கட்டலாமா என்ற மூன்றையும் பாருங்கள். துண்டில் இல்லாவிட்டால் கடையில் கேட்டு எழுதி வாங்குங்கள். பதிலோடு எனக்கு எழுதுங்கள், மிச்சக் கணக்கைச் சேர்ந்து போடுவோம்.