பாபலாவோ உங்கள் பிரச்சினையைக் கேட்பதில்லை

கேள்வி: நைஜீரியாவின் யொரூபா மக்கள் பனங்கொட்டைகளை வைத்துக் குறி பார்க்கும் வழக்கத்தை யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியம் என்று அங்கீகரித்திருக்கிறதாமே? மூடநம்பிக்கைக்கு மகுடம் சூட்டலாமா?

பதில்: மகுடத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். இஃபா என்னும் அந்த வழக்கத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மனக்குறையோடு ஒருவர் வருகிறார். பூசாரியான பாபலாவோவிடம் அவர் தம் பிரச்சினையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாணயத்தை வாயருகே பிடித்து முணுமுணுத்துவிட்டுக் கீழே வைத்தால் போதும். பாபலாவோ 16 கொட்டைகளை (நம் பனை அல்ல, எண்ணெய்ப்பனை) இடக்கையில் குவித்து வலக்கையால் ஒரே அள்ளாக அள்ளுகிறார். ஒன்று மிஞ்சினால் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. வேறு எப்படி மிஞ்சினாலும் கணக்கில்லை, மறுபடி அள்ள வேண்டும். செதுக்கிய பலகையில் பரப்பிய மரத்தூளில் விரலால் கோடு போடுகிறார். கறையான் அரித்து உதிர்த்த தூள் அது. எட்டு முறை கோடு விழுந்ததும் ஓர் உரு அமைகிறது. அதன் பெயர் ஓடூ. இப்படி மொத்தம் 256 ஓடூக்கள்.

விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஓடூவுக்கும் உரிய பாடல்கள் ஏராளம். முன்னொரு காலத்தில் இன்ன பாபலாவோ இன்னாருக்குப் பார்த்தார், அவருக்கு இன்ன துன்பம், இன்ன காணிக்கை செலுத்தச் சொன்னார், செலுத்தினாரா, பிறகு என்ன ஆயிற்று என்று பாடல் போகும். அந்த ‘இன்னார்’ அரசனாக இருக்கலாம், ஆமையாக இருக்கலாம், மரமாகவும் இருக்கலாம். பாபலாவோ ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். ‘இது என் கதை’ என்று தெரிந்துகொள்ள வேண்டியவர் வந்தவர்தான்.

ஆருடத்தின் பலன்களை நான் நம்புகிறவன் அல்ல. ஆனால், ஓர் இனத்தின் வரலாறும் மூலிகை அறிவும் அறமும் இந்தப் பாடல்களில் மனப்பாடமாகவே தலைமுறை தலைமுறையாக வந்திருக்கின்றன. சிறுவயதில் குருவின் வீட்டில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள் காப்பாற்றியது அது. அடிமைக் கப்பலில் சங்கிலியோடு ஏற்றப்பட்டவர்கள் அதை நெஞ்சிலேயே சுமந்துகொண்டு கியூபா போய்ச் சேர்ந்தார்கள். இஃபாவின் தெய்வமான ஓருன்மிலாவை அங்கே இன்றும் ஓருலா என்று வணங்குகிறார்கள். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

யுனெஸ்கோ 2005இல் போற்றி அறிவித்ததும் 2008இல் பட்டியலில் சேர்த்ததும் இந்த வாய்மொழிச் செல்வத்தைத்தான். குறி பலிக்கும் என்று அது யாருக்கும் சான்றிதழ் தரவில்லை. ‘மூடநம்பிக்கை’ என்ற இதே முத்திரையைக் குத்தித்தான் காலனி ஆட்சிக் காலத்தில் இந்த மரபை ஒதுக்கினார்கள். இன்று பாபலாவோக்களில் பெரும்பாலோர் முதியவர்கள், வசதி குறைந்தவர்கள். பாடம் கேட்க வரும் இளைஞர்களும் குறைந்துவிட்டார்கள்.

1980களில் இஃபே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த வாண்டே அபிம்போலா, தாமே ஒரு பாபலாவோ. அவர் திரட்டிய பாடல்கள் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. நான்கைந்தையாவது படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்போதும் இதுதான் உங்கள் கருத்து என்றால், ஒரு சொல்லும் குறைக்காமல் வெளியிடுகிறேன்.