சென்னை–தூத்துக்குடி: 40 நிமிடமா, ஒன்றரை மணி நேரமா?

கேள்வி: மாமியாரைத் திருச்செந்தூருக்கு அழைத்துப் போக வேண்டும். இரவு முழுக்க ரயிலில் வர முடியாது என்கிறார். சென்னை–தூத்துக்குடி வான்வழித் தூரம் சுமார் 525 கி.மீ., பறக்க 40 நிமிடம் என்று ஒரு இணையதளம் காட்டுகிறது. டிக்கெட்டிலோ ஒரு மணி 35 நிமிடம். எதை நம்புவது? மதுரைக்குப் போனால் நேரம் மிச்சமாகுமா? — வாசகி, அம்பத்தூர்

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். தூரம் சரிதான், வரைபடத்தில் நூல் பிடித்த மாதிரி நேராக அளந்தது. அதை ஜெட் விமானத்தின் 800 கி.மீ. வேகத்தால் வகுத்துவிட்டார்கள், 40 நிமிடம் வந்துவிட்டது. இந்தத் தடத்தில் பெரும்பாலும் ஓடுவது ஏடிஆர், இறக்கையில் விசிறி சுழலும் விமானம். மணிக்கு 500 கி.மீ. போனாலே அதிகம். போதாததற்கு மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் உண்டு. விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது முதல் தூத்துக்குடியில் வந்து நிற்கும் வரையான நேரத்தைத்தான் டிக்கெட்டில் போடுகிறார்கள்.

அந்த நேரத்துக்குப் பண மதிப்பும் உண்டு. உரிய முன்னறிவிப்பு தராமல் விமானத்தை ரத்து செய்தால், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதிப்படி இழப்பீடு அதைப் பொறுத்தே: ஒரு மணி நேரம் வரை 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவென்றால் அந்தக் குறைந்த தொகைதான். உங்கள் பயணம் 7,500 வரிசையில் வரும். வானிலை காரணமென்றால் இழப்பீடு கிடையாது. டிக்கெட் பணம் திரும்ப வந்தாக வேண்டும். இழுத்தடித்தால் விமானப் பயணிகளின் குறைகளுக்கான மத்திய அரசின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் போடுங்கள்.

மதுரை வேண்டாம். வானத்தில் கால் மணி நேரம் மிச்சப்படலாம். அங்கிருந்து திருச்செந்தூருக்குக் காரில் மூன்று மணி நேரம் பிடிக்கும், வாடகையும் எகிறும். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து 40 கி.மீ. சொச்சம்தான். ஓடுபாதையை நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். பெரிய ஜெட் வந்தால் நேரம் குறையும். முன்பதிவு செய்யும்போது விமான வகை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஏடிஆரில் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. படி சிலதான் என்றாலும் குறுகலானவை. சக்கர நாற்காலி வேண்டுமென்று 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள். தலைக்கு மேலே இருக்கும் பெட்டியும் சிறியது. டிராலி பையை வாசலிலேயே வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். மாமியாரின் மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.