மெய்டன்ஹேர் பெரணி: தினமும் தண்ணீர் ஊற்றியும் காய்வது ஏன்?

கேள்வி: ஏற்காட்டில் நான்கு அங்குலத் தொட்டியோடு ஒரு மெய்டன்ஹேர் ஃபெர்ன் வாங்கிவந்து சென்னையில் எங்கள் ஹாலில் வைத்தேன். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன்; அடித்துளை வழியாக நன்றாகவே வழிகிறது. இரண்டு வேளை ஸ்பிரேயும் அடிக்கிறேன். ஆனாலும் மூன்று வாரத்தில் பாதி இலைகள் மொறமொறவென்று காய்ந்துவிட்டன. காற்றில் ஈரம் போதவில்லையா? செடியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: தூக்கிப் போடாதீர்கள். இந்தச் செடியின் உயிர் மண்ணை ஒட்டிப் படரும் தண்டில்தான் இருக்கிறது. அது அழுகாமல் இருந்தால் மொட்டையாகிப்போன தொட்டியிலும் மறுபடி துளிர்க்கும்.

முதலில் தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகும் வெறும் தொட்டிபோல் லேசாக இருக்கிறதா? மண்ணுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே நூலிழை அளவு இடைவெளி தெரிகிறதா? இருந்தால் காரணம் அதுதான். நர்சரிகளில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில், அதாவது கோகோபீட்டில், நட்டுத் தருகிறார்கள். அது ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். அதன்பின் லேசில் தண்ணீரை உறிஞ்சாது. நீங்கள் ஊற்றுவது அந்த இடைவெளி வழியாக இறங்கி அடியில் வழிந்துவிடுகிறது. வேர்க்கட்டியின் நடுப்பகுதி காய்ந்தே கிடக்கிறது.

மற்ற செடிகள் தாகம் எடுத்தால் தலையைத் தொங்கப்போட்டு எச்சரிக்கும். இந்தப் பெரணியின் காம்பு கருப்புக் கம்பிபோல் விறைப்பானது, தொங்காது. இலையோ காகிதத்தைவிட மெல்லியது. நீரைச் சேமித்து வைக்க அதில் இடமில்லை. வேர் ஒரு பகல் காய்ந்தாலே இலை ஓரத்திலிருந்து சுருண்டு மொறமொறப்பாகும். சுருண்டது பிறகு விரியாது.

ஸ்பிரேயை நிறுத்திவிடலாம். அடியாண்டம் என்ற இதன் தாவரப் பெயருக்கே கிரேக்கத்தில் ‘நனையாதது’ என்று பொருள். தெளித்துப் பாருங்கள், நீர் முத்துமுத்தாக உருண்டு விழும். அதனால் காற்றில் கூடும் ஈரமும் சில நிமிடங்களில் போய்விடும். கடலோரச் சென்னையின் காற்று இதற்கு அவ்வளவு வறண்டதும் அல்ல. வீட்டில் உண்மையான எதிரி, நாள் முழுக்கச் சுழலும் மின்விசிறியும் நேராக அடிக்கும் ஏசி காற்றும்தான். இரண்டுக்கும் நேர்கீழே வைக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு வாளியில் தொட்டியின் விளிம்பு வரை தண்ணீர் வரும்படி தொட்டியை இறக்குங்கள். குமிழிகள் வருவது நிற்கும் வரை, சுமார் 20 நிமிடம், அப்படியே இருக்கட்டும். எடுத்து 15 நிமிடம் வடிய விடுங்கள். பிறகு காய்ந்த இலைகளைக் கத்தரியால் மண்ணுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே நறுக்குங்கள். பிடுங்கினால் தண்டும் சேர்ந்து வந்துவிடும். பாதிக்கு மேல் காய்ந்திருந்தால் எல்லாவற்றையுமே நறுக்கிவிடுவது நல்லது. அரைகுறையாக விட்ட இலைகள் ஈரத்தை இழுக்குமே தவிரப் பெரிதாக உதவாது. அடி வெட்டிய ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை மூடியில்லாமல் மேலே கவிழ்த்து, வெளிச்சமான நிழலில் வையுங்கள். இரண்டு முதல் நான்கு வாரங்களில் நத்தை ஓடுபோல் சுருண்ட சின்னஞ்சிறு தளிர்கள் தலை காட்டும். நான்கைந்து இலை விரிந்ததும் கேனை முதலில் தினமும் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று ஒரு வாரத்தில் பழக்கி எடுங்கள். அதுவரை உரம் எதுவும் வேண்டாம்.

மண்ணை விரலால் தோண்டும்போது தண்டு கொழகொழவென்று நசுங்கி நாற்றம் அடித்தால் கதை வேறு: அது அழுகல், காப்பாற்றுவது கடினம். தட்டில் எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றால் வருவது அது.

துளிர்த்த பின் தொட்டி மாற்றுங்கள்; ஓர் அங்குலம் மட்டும் பெரியது போதும். கோகோபீட் இரண்டு பங்கு, இலை மக்கு ஒரு பங்கு, பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு. கோகோபீட்டை மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும். தண்டு மண்ணுக்குள் புதையக் கூடாது, முன்பிருந்த மட்டத்திலேயே இருக்கட்டும்.

சென்னைக் கோடைக்கு நாங்கள் மிகவும் பரிந்துரைப்பது இரட்டைத் தொட்டி. பிளாஸ்டிக் தொட்டியில் செடி. அதைவிட இரண்டு அங்குலம் அகலமான, அடித்துளை உள்ள மண்தொட்டிக்குள் அதை வைத்து, இடைவெளியை ஆற்றுமணலால் நிரப்புங்கள். மணலை மட்டும் தினமும் ஈரமாக்குங்கள். மண்பானையில் தண்ணீர் குளிர்கிற அதே விதத்தில் வேர்ப்பகுதி குளிர்ந்திருக்கும், சுற்றிலும் மெல்லிய ஈரக்காற்றும் நிற்கும். செடிக்கு வழக்கம்போல் மேல்மண் லேசாக வெளிறத் தொடங்கும்போது ஊற்றினால் போதும். வெறும் மண்தொட்டியில் நேரடியாக நட வேண்டாம், மே மாதத்தில் ஒரே பகலில் காய்ந்துவிடும்.

தண்ணீரில் கவனிக்க வேண்டியது உப்பு. சுண்ணாம்பு அவ்வளவு பிரச்சினையில்லை: இதே இனத்து உறவுச்செடி பழைய கிணறுகளின் உட்சுவர்க் கல்லிடுக்கிலும் ஈரச் சுண்ணாம்புப் பாறையிலும் வளர்கிறது. உவர்ப்பான போர்வெல் நீர்தான் இலை நுனியைக் கருக்கும். மழைநீர் அல்லது ஆர்ஓ நீர் நல்லது. ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் நீரை ஊற்றாதீர்கள், உப்பு அதில்தான் செறிந்திருக்கும்.

இடம்: வடக்கு அல்லது கிழக்கு ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, விளக்கில்லாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற வெளிச்சம். ஜன்னல் உள்ள குளியலறையும் பொருந்தும். ஏசி அறைதான் வேண்டுமென்றால் மூடிய கண்ணாடி ஜாடியில், வெயில் படாமல் வளர்க்கலாம். 1829இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்காக ஈரமண் போட்டு மூடிய புட்டியில் தானாக ஒரு பெரணி முளைத்ததைக் கண்டார். நிலக்கரிப் புகை சூழ்ந்த அவரது தோட்டத்தில் அதே செடிகள் பிழைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் செடி வளர்க்கும் பழக்கம் பரவியது அதிலிருந்துதான்.

உரம் மாதம் ஒருமுறை, 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், ஈரமண்ணில் மட்டும். வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள், மெல்லிய இலை கருகும். மாவுப்பூச்சி வந்தால் அந்த இலையை வெட்டுவதே மேல்.

சில மாதங்களில் இலையின் அடிப்பக்கம், மடிந்த ஓரங்களில் சீரான இடைவெளியில் பழுப்புப் புள்ளிகள் வரும். அவை ஸ்போர் பைகள் (விதைக்குப் பதிலாகப் பெரணி இனம்பெருக்கும் நுண்தூள் இருப்பவை), பூச்சியல்ல, சுரண்ட வேண்டாம். செதில் பூச்சியாக இருந்தால் ஒழுங்கில்லாமல் காம்பிலும் ஒட்டியிருக்கும், நகத்தால் தள்ளினால் பெயர்ந்துவரும், இலை பிசுபிசுக்கும்.